சொந்த முகத்தோடு வந்த தெய்வம்

அருளுக்கு,

சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். வாடகைக்கு எடுத்த கோட்டின் கை நீளமாக இருக்கிறது என்று நீ சான் ஹோசேக்குப் போயிருக்கிறாய். சன்னிவேலில் உன் அபார்ட்மென்ட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிறேன். இந்த வாரம் எனக்கு விருந்தாளிகள் அதிகம். முதலில் நம் பங்குச் சாமியார் ஒரு கேக்கோடு வந்தார், சும்மா இந்தப் பக்கம் வந்தாராம். அடுத்த நாள் உன் ஆபீஸ் நண்பன் சுப்பு, சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தான். குழாய் ஒழுகவில்லை. அவன் ஒழுகாத குழாயைத் திருகித் திருகி ஒழுகவைத்துவிட்டுப் போனான். நேற்று தமிழ்ச் சங்கத்து ராஜம் மாமி வடாம் கொண்டு வந்தார். எல்லோரும் வானிலை பேசினார்கள், ஃப்ரீவே நெரிசலைப் பேசினார்கள், கதவருகே போய் நின்றுகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சனிக்கிழமை காலைல வருவீங்கதானே?"

சாயங்காலம் தேவாலயத்துக்கு நான் வருவேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது நம் கோவில், முன் வரிசை என் வரிசை. காலையில் மணப்பெண் வதனி வீட்டு முறைப்படி ஐயர் வைத்து, அக்கினி முன்னால் நீ தாலி கட்டுகிறாயே, அங்கே நான் வருவேனா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் யாரிடமும் பதில் சொல்லவில்லை. ஏன் என்று உனக்கு எழுதுகிறேன். நம் சங்கத்துச் செய்திமடலுக்கும் ஒரு பிரதி கொடுப்பதாக இருக்கிறேன். தூது வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

பாளையங்கோட்டையில் எங்கள் கான்வென்ட்டில் தையல் வகுப்பை ஐரிஷ் மதர் ஒருவர் எடுத்தார். பெண்கள் விளிம்பு மடித்துத் தைக்கும்போது வம்பு பேசக்கூடாது என்பதற்காக அவர் கிரேக்கர்களின் பழைய போர்க்கதையைச் சொல்வார். கோட்டைக்கு வெளியே வருடக்கணக்காக நடக்கிற சண்டை. அதில் தெய்வங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டு, தங்களுக்குப் பிடித்த வீரனுக்குத் துணைக்கு வருவார்கள். வருவதென்றால் நேராக வருவதில்லை. ஒரு கிழவனாக, ஒரு நண்பனாக, தேரோட்டியாக வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு தெய்வம் தேரில் ஏறி உட்கார்ந்ததும் அச்சு முனகும், மனிதனுக்கு அவ்வளவு கனம் கிடையாது. இன்னொரு தெய்வம் திரும்பி நடந்து போகும்போது, காலடியைப் பார்த்தே ஒரு வீரன் கண்டுபிடித்துவிடுவான். மதர் கதையை அங்கே நிறுத்தி, "இது உண்மையில் யார்?" என்று கேட்பார். முதலில் கை தூக்குகிறவள் நான். இவை பொய்த் தெய்வங்கள், வியந்து பார்க்காதீர்கள் என்றும் மதர் சொல்வார். சொல்லும்போது அவர் கண் மட்டும் வியந்துகொண்டிருக்கும்.

அந்தக் கதைகளை உனக்கு நான் சொன்னது பக்திக்காக இல்லை. நீ முருங்கைக்காயை மென்று துப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் சாப்பிடுவாய், அந்த நேரத்தை எப்படியாவது தள்ள வேண்டியிருந்தது. அது உன் மூளையில் அப்படியே தங்கிவிட்டது. போன இலையுதிர் காலத்தில் நான் இங்கே வந்து இறங்கியபோது, பொங்கல் விழாவுக்கு நீ ஒரு நாடகம் எழுதிவைத்திருந்தாய். கலிபோர்னியாவில் இருக்கிற தமிழர்கள் எல்லோரும் வருடாவருடம் அரிச்சந்திரனைப் பார்த்துவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிட்டுப் போகிறார்கள், இந்தத் தடவை கிரேக்கப் போர் பார்க்கட்டும் என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், வசனத்தில் எங்கெங்கே நீளம் என்று மட்டும் சொன்னேன்.

ஒத்திகை உன் கூடத்தில்தான். கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிக் கேடயம் செய்திருந்தீர்கள். சிப் வடிவமைக்கிற பெரிய பெரிய எஞ்சினியர்கள் துடைப்பக் கம்பை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். முதல் நாள் ஒரு பெண் வந்தாள். "அம்மா, இவங்க வதனி. சங்கத்துல புதுசா சேர்ந்திருக்காங்க. ஹாஸ்பிட்டல் லேப்ல வேலை. நம்ம டிராமாவுல தெய்வமா ஆக்ட் பண்றாங்க. வீட்டுக்கு இன்னைக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம் வர்றாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாய். கேட்காத தகவலெல்லாம் எதற்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பெண் வணக்கம் சொல்லிவிட்டு, காப்பி கலக்க உதவுகிறேன் என்று என் பின்னாலேயே வந்தாள்.

உன் சமையலறையில் கரண்டி வைக்கிற இழுப்பறை சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் மேலே தூக்கி, இடது பக்கமாகத் தட்டி இழுத்தால்தான் திறக்கும். எனக்கு அது பழக வெகுநாள் பிடித்தது. வீட்டுக்கு முதல்முறை வந்த வதனி, என்னோடு பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தூக்கித் தட்டி இழுத்துக் கரண்டியை எடுத்தாள். தையல் வகுப்பில் செய்தது போல எனக்குக் கை தூக்கத் தோன்றியது. தூக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். நீயாகச் சொல்வாய் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன்.

இனி அந்தச் சண்டை. நீ எழுதிய கடைசிக் காட்சியில், கோட்டை வீரன் பயந்து ஓடிக்கொண்டிருப்பான். எதிர்க்கட்சித் தெய்வம் அவனுடைய சொந்தத் தம்பியின் உருவத்தில் வந்து, "அண்ணா, நான் துணைக்கு இருக்கிறேன், நின்று சண்டை போடு" என்று சொல்லும். அவன் நம்பி நிற்பான். ஈட்டி கேட்டுத் திரும்பினால் தம்பி இருக்க மாட்டான். மதர் சொன்ன கதையிலும் அப்படித்தான். வதனி வசனத் தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"இதை நான் செய்ய மாட்டன்."

"வதனி, கதையே அதுதான். ஆயிரக்கணக்கான வருஷமா அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க."

"சொல்லட்டும். கூடப் பிறந்ததின்ர முகத்தோட வந்து ஒருத்தனைக் கொல்லக் குடுக்கிறது தெய்வமே?"

"அந்தத் தெய்வம் அவனோட எனிமி சைடு! யுத்தம்னா டிசெப்ஷன் இருக்கத்தான் செய்யும்."

"யுத்தத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாம், அருள்."

சுப்பு கேடயத்தைக் கீழே வைத்தான். வதனி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அன்ரி, கலவரத்தில எங்கட கொழும்பு வீட்டுக்குக் கும்பல் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பின்பக்கத்தால ஓடி வந்து, தன்ர ஹவுஸ்கோட்டை அம்மாவுக்குப் போட்டு, நெற்றிப் பொட்டைத் தன்ர கையால அழிச்சு, கையைப் பிடிச்சு றோட்டால கூட்டிக்கொண்டு போனவ. ஆரெண்டு கேட்டவங்கள். என்ர அக்கா எண்டு சொன்னவ. நான் அவவின்ர மகளெண்டு பின்னால போனன். வேஷமெண்டால் அன்ரி, எனக்கு அதுதான் தெரியும்."

கொஞ்சம் கழித்து அவளே சிரித்தாள். "அந்த ஹவுஸ்கோட் அம்மாவுக்குச் சரியான இறுக்கம். உயிர் போற நேரத்திலயும், இதைக் கொஞ்சம் பிரிச்சுத் தைக்கலாமே எண்டு அம்மா யோசிச்சவவாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்பு சொல்கிற வயது எனக்குத்தான் இருந்தது. நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "வேஷத்த எடுத்துடு. தெய்வம் தெய்வமாவே வரட்டும். நேரா நின்னு, இன்னைக்கு நீ சாகப்போற, ஓடுறியா நிக்கிறியான்னு அவன்கிட்டயே கேக்கட்டும். தெரிஞ்சு நின்னா அவன் இன்னும் பெரிய வீரன்." நீ முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதினாய். காட்சி நன்றாகவே வந்தது. மதர் உயிரோடு இருந்தால் என் காதைத் திருகியிருப்பார், பிறகு அடுத்த வகுப்பில் அந்த மாதிரியே சொல்லியிருப்பார்.

பொங்கல் விழாவன்று பள்ளிக்கூட கேஃபடீரியாவில் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ மேடைக்குப் பின்னால் இருந்தாய், நான் முன் வரிசையில் இருந்தேன். அதனால் சரியான வரலாறு என்னிடம்தான் இருக்கிறது. வேஷத்தோடு தம்பியாக வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வதனி தலைக்கவசமும் கையில் ஈட்டியும் தோளில் போர்த்திய சிவப்புப் பட்டும் நெற்றியில் பெரிய பொட்டுமாக, நேராகப் பார்த்தபடி, படியிறங்கி வந்தாள். அந்தப் பொட்டு உன் நாடகத்தில் இல்லாதது, அவளாக வைத்துக்கொண்டது. விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜம் மாமி எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாமி, அது கிரேக்கச் சாமி" என்றேன்.

"எந்த ஊர் அம்பாளா இருந்தா என்ன? கண்ணெதிர வந்து நிக்கறா, உக்காந்துண்டா இருப்பா? எழுந்திருங்கோ!"

பின்னாலிருந்தவர்களும் எழுந்தார்கள். பொங்கல் பூஜைக்கு வைத்திருந்த தட்டு மாமியின் காலடியிலேயே இருந்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் கற்பூரம் எரிந்தது. ஒரு கட்டி இல்லை, இருந்த அத்தனை கட்டியும். கோட்டை வீரன் சுப்பு மேடையில் நின்றபடி, "மாமி, நான் இன்னும் சாகலை" என்றான். அதற்குள் கூரையிலிருந்த புகைக் கருவி அலறத் தொடங்கிவிட்டது.

தைமாத மழையில் கார் நிறுத்துமிடம் முழுவதும் நாம். அலுமினியத் தாள் சுற்றிய கிரேக்கப் படை இரண்டும் ஒரே குடைக்குள் ஒதுங்கியது. தீயணைப்பு வண்டி வந்தது. யார் பொறுப்பு என்று அந்த அதிகாரி கேட்டபோது எல்லோரும் உன்னைத் தேடினார்கள், நீ சுப்புவின் முதுகுக்குப் பின்னால் இருந்தாய். நான் போனேன். ஒரு பெண் தெய்வம் தோன்றியது, தாய்மார்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள் என்று கான்வென்ட் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக விளக்கினேன். அவர் என் தோளுக்கு மேலாக வதனியைப் பார்த்தார், ஈட்டியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி, "புரிகிறது, அம்மா" என்றார். வதனி தன் சிவப்புப் பட்டை உருவி என் தலைக்கு மேல் பிடித்தாள். அந்த நிமிடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதற்கு முன்னால் மரியாதை மட்டும்தான் இருந்தது.

தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியை உனக்குப் பார்த்துவைத்திருந்தேன் என்பது உண்மை. வதனி இந்து என்று நான் முகம் சுளிப்பேன் என்று நீ பயந்ததும் எனக்குப் புரிகிறது. ஆனால் பொங்கல் போய் ஈஸ்டர் வந்த பிறகுதான் நீ வாயைத் திறந்தாய், அதுவும் சுப்புவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. நான் சரி என்றேன். அது போதாமல், காலைச் சடங்கைப் பற்றி என்ன சொன்னாய்? "காலைல ஒண்ணும் இல்லைம்மா. வதனி வீட்டுல சும்மா ஒரு ப்ரஞ்ச். நீ ரெஸ்ட் எடு, ஈவினிங் சர்ச்சுக்கு வந்தா போதும்." தாலி கட்டுகிற முகூர்த்தத்துக்குத் தொப்பி மாட்டி, ப்ரஞ்ச் என்று பெயர் வைத்து என் முன்னால் நடத்திக்கொண்டு வந்தாய். உன் தெய்வங்கள்கூட அவ்வளவு மோசமாக வேஷம் போட்டதில்லை.

மறுநாளே வதனியின் அம்மா போன் செய்தார். "அக்கா, தாலிக்கு டொராண்டோவில சொல்லிவைக்க வேணும். நாங்கள் பிள்ளையார் போடுறனாங்கள். உங்கட ஆக்கள் சிலுவை போடுறதோ, புறா போடுறதோ?" ப்ரஞ்சுக்கு எதற்குத் தாலி என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசி, ஒரு பக்கம் பிள்ளையார், மறு பக்கம் சிலுவை என்று முடிவு செய்தோம். எது வெளியே தெரியும் என்று கேட்டேன். "அது அவளின்ர கழுத்து அக்கா, திரும்புற பக்கம் திரும்பட்டும்" என்றார். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தினார். "இதை வடிவாச் செய்யவேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை. ஒருக்கா பொட்டை அழிச்சுப்போட்டு நடந்தனான். இந்த முறை பெரிசா வைச்சுக்கொண்டு நடக்கவேணும்." அந்தச் சடங்கைச் சுருக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பிறகு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பாய். நேற்று ராஜம் மாமி வடாத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க தாராளமா வாங்கோ. பின்னாடி ஒரு நாற்காலி போட்டுடலாம், அங்கேந்து பார்த்தா நன்னாவே தெரியும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கணவனை இழந்தவள் மணவறை அருகே வரக்கூடாது என்பது அவர் அறிந்த வழக்கம். நம் ஆட்களிடமும் அது இல்லாமல் இல்லை, உன் அக்கா கல்யாணத்தில் எண்ணெய் வைக்கும்போது என் சொந்த நாத்தனார் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது உனக்குத் தெரியாது. உன் அப்பா போன பிறகு நான் எந்தப் பின் நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. என் மகன் தாலி கட்டும்போது அதைத் தொடங்குவதாக இல்லை. இதைச் சாமியாரிடம் சொல்ல முடியுமா? குழாய் பார்க்க வந்தவனிடம் சொல்ல முடியுமா? நீ கேட்டிருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

உன் அப்பா எப்படிக் கேட்டார் தெரியுமா? தரகர் இல்லை, பெரியவர்கள் இல்லை. வங்கி வேலை முடிந்து வேர்த்த சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் அப்பாவிடம், "எனக்குச் சொந்த வீடு இல்லை, அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, உங்கள் மகளைக் கேட்க வந்திருக்கிறேன்" என்றார். என் அப்பா முதலில் முடியாது என்றார். இவர் அடுத்த வாரமும் வந்தார், அதே சட்டை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சட்டையே போதுமாக இருந்தது. வதனியோடு உனக்குச் சண்டை வரும், அருள். அவள் அப்படிப்பட்ட பெண், நீயும் என் பிள்ளை. அப்போது சுப்புவை அனுப்பாதே, பூங்கொத்தை அனுப்பாதே, என்னை அனுப்பவே அனுப்பாதே. கிரேக்கத் தெய்வங்களுக்கு அடிபட்டாலும் காயம் உடனே ஆறிவிடும், அதனால் யாருடைய முகத்தையும் மாட்டிக்கொண்டு விளையாடலாம். நீ வலிக்கிற இடத்தோடு போய் நில்.

இவ்வளவும் எழுதிவிட்டு மடிக்கப்போனேன், கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இனி எழுதுவது நீ வந்து போன பிறகு எழுதுவது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் செய்திமடல்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே. வாடகைக் கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாய். கையில் ஒன்றும் இல்லை.

"அம்மா, சனிக்கிழமை காலைல ப்ரஞ்ச் இல்லைம்மா."

"அப்படியா?"

"தாலி கட்டுறேன். நீ வரணும். வேற யாரையோ விட்டுக் கேட்டது தப்பு. நீ வரலைன்னா எனக்கு... நீ வரணும்மா."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்லை." பிறகு காதைச் சொறிந்தாய். "வதனி கார்லயே உக்காந்துட்டா. நீ கேட்டுட்டு வர்ற வரைக்கும் உள்ள வர மாட்டாளாம். ஆனா என்ன கேக்கணும்னு அவ சொல்லலை, அது நானே."

நம்பினேன். ராஜம் மாமியின் நாற்காலியைப் பற்றி அப்போதுதான் உன்னிடம் சொன்னேன். உனக்கு முகம் சிவந்தது, மாமிக்கு உடனே போன் செய்யப் போனாய். போனை உன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நானே கீழே இறங்கிப் போனேன். நீ மாடிப்படியில் நின்றாய், அதனால் அங்கே பேசியது உனக்குக் கேட்டிருக்காது. கார்க் கண்ணாடியைத் தட்டினேன். வதனி பதறிப்போய் இறக்கினாள்.

"சனிக்கிழமை காலைல நான் மாப்பிள்ளைக்கு அம்மா" என்றேன். "உங்க முறை எனக்குத் தெரியாது. நான் எங்க நிக்கணும்னு சொல்லு."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"என்ர அம்மாவுக்குப் பக்கத்தில, அன்ரி. முன்னுக்கு. நீங்கள் வராட்டில் ஐயரைத் தொடங்க வேண்டாமெண்டு அவ ஏற்கனவே சொல்லிப்போட்டா."

அம்மா